ஷிப்ட் வேலையும் ஓட்டப் பயிற்சியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஓட்டக் குழுவில் புதிதாகச் சேருகிறவர்களில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் நிறைய. வார்ம்-அப் செய்யாதது, தண்ணீர் குடிக்காதது எல்லாம் யாராவது சொல்லித் திருத்திவிடுவார்கள். ஷிப்ட் மாறும்போது செய்யும் தவறுகளைத்தான் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

நைட் முடிந்த ‘ஆஃப்’ நாளில் கடினமான பயிற்சி

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். கடைசி நைட் காலை 6 மணிக்கு முடிகிறது. அன்றைக்கு ‘ஆஃப்’. நாள் முழுக்கக் கையில் இருக்கிறதே என்று நேராக மைதானத்துக்கு வந்துவிடுகிறார்கள். அதுவும் இருப்பதிலேயே கடினமான இன்டர்வெல் ஓட்டத்துக்கு (வேகமாக ஓடி, கொஞ்சம் இளைப்பாறி, மறுபடி வேகமாக ஓடுவது)! ரோஸ்டரில் அது விடுமுறை. உடம்புக்கு இன்னும் முந்தைய இரவே முடியவில்லை.

அப்படித்தான் ஒரு தம்பி வந்தார். கண் சிவந்திருந்தது. ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். வேண்டாம் என்றேன். “தூக்கமே வரலண்ணே, ஃப்ரெஷ்ஷா இருக்கேன்” என்றார். நான்காவது 400 மீட்டரில், வளைவைத் தாண்டியதும், தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ஹாம்ஸ்ட்ரிங் தசையில் காயம். பல வாரங்கள் ஓட முடியவில்லை. மாதக்கணக்கில் தயாரான போட்டியும் கைவிட்டுப் போனது.

அந்த ‘ஃப்ரெஷ்’ஷை நம்பாதீர்கள். காலை வெளிச்சம் பட்டால் யாருக்கும் கொஞ்சம் தெம்பு வரும். ஆனால் தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் கை-கண் ஒத்திசைவு, ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவர்களின் அளவுக்கு மந்தமானதை 1997-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பகலில் சரியாகத் தூங்காமல் நைட் பார்த்தவர், காலையில் அந்த 17 மணி நேரத்தை எப்போதோ தாண்டியிருப்பார்.

நைட் முடிந்ததும் போய்த் தூங்குங்கள். மாலையில் வேண்டுமானால் அரை மணி நேரம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில். கடினமான பயிற்சி, இரண்டு இரவு முழுசாகத் தூங்கிய அப்புறம்தான். நைட் வாரத்துக்குள்ளேயே செய்தாக வேண்டும் என்றால், பகல் தூக்கம் முடிந்து, டியூட்டிக்குப் போகுமுன் மாலை 5 மணி வாக்கில் செய்யுங்கள். பொதுவாக உடல் வெப்பநிலை மாலையில் உச்சத்திலும் விடியற்காலையில் அடிமட்டத்திலும் இருக்கும். நாலைந்து நைட் பார்த்ததால் உடம்பின் அந்தக் கடிகாரம் அப்படியே திரும்பிவிடாது.

விட்டுப்போன பயிற்சியைச் சேர்த்துச் செய்வது

செய்யாதீர்கள். போனது போனதுதான்.

விடியற்காலை 4 மணி காபி

காஃபின் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். 9 மணிக்குப் படுக்கும்போது பாதி காபி உள்ளேயே இருக்கும். ஆழ்ந்த தூக்கம் கெடும், தசை தேறுவதும் தள்ளிப்போகும். டியூட்டியின் முதல் பாதியோடு காபியை நிறுத்திவிடுங்கள்.

திங்கள் முதல் ஞாயிறு வரை என்ற திட்டம்

உங்கள் ஷிப்ட் சுற்று 8 நாள் என்றால் பயிற்சியின் ‘வாரமும்’ 8 நாள்தான். அதில் இரண்டு கடினப் பயிற்சிகளை நல்ல தூக்கம் கிடைக்கும் இடத்தில் முதலில் குறித்துவிட்டு, மற்றதைச் சுற்றி நிரப்புங்கள். நைட், மதியம், காலை என்று பின்னோக்கிச் சுற்றும் ஷிப்டுக்குப் பழகுவது இன்னும் கஷ்டம். அந்த மாற்றம் வரும் நாள்களில் வேகத்தை விட்டுவிட்டு, தூரத்தையும் குறையுங்கள். புது ரோஸ்டர் வந்த அன்றைக்கே கோச்சுக்கு அனுப்பிவிடுங்கள்.