ஸ்டெர்ன்டிரைவ் அதிர்ந்தால் எங்கே பார்ப்பது

ஸ்டெர்ன்டிரைவ் என்பது படகுக்குள் இருக்கும் எஞ்சினோடு இணைந்து, பின்புறம் வெளியே தொங்கும் புரொப்பெல்லர் அலகு. அதில் ஒரு வகையான மெர்க்ரூசர் ஆல்ஃபா ஒன் டிரைவில் கியர் மாறுவது கீழ்ப்பகுதியில். ஆகவே நியூட்ரலிலும் மேலே உள்ள யூ-ஜாயின்ட் (தண்டு மடங்கினாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) சுற்றிக்கொண்டுதான் இருக்கும். இதுவே நல்ல சோதனை. நியூட்ரலில் ரேஸ் செய்தாலே அதிர்ந்தால் கோளாறு எஞ்சின், கப்ளர் (எஞ்சினை டிரைவின் தண்டோடு இணைப்பது), யூ-ஜாயின்ட் பக்கம். கியரில் ஓடும்போது மட்டும் அதிர்ந்தால் முதலில் புரொப்பெல்லரைக் கழற்றி, இதழ் வளைந்திருக்கிறதா, தண்டில் மீன்பிடி நைலான் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள்.

படகு கரையில் இருந்தால் இயர்மஃப் (டிரைவின் நீர் உறிஞ்சும் துளைகளில் மாட்டும் ஹோஸ் கவ்வி) மாட்டித் தண்ணீர் விடாமல் எஞ்சினை ஓட்டவே கூடாது. குளிர்நீர் பம்பின் இம்பெல்லர் (ரப்பர் சுழலி) சீக்கிரமே கருகிவிடும்.

நியூட்ரலிலேயே ஸ்டீயரிங்கை மெல்ல இரு பக்கமும் திருப்புங்கள். திருப்பத்தில் 'டக் டக்' என்றால் யூ-ஜாயின்ட். நேராக இருக்கும்போதும் உறுமல் கேட்டால் கிம்பல் பேரிங், அதாவது டிரைவின் தண்டு படகுக்குள் நுழையும் இடத்தில் அதைத் தாங்கும் பேரிங்.

உறுதி செய்ய டிரைவைக் கழற்றத்தான் வேண்டும். ஆல்ஃபாவை ஃபார்வர்ட் கியரில் போட்டுவிட்டு டிரைவைப் பிடித்திருக்கும் ஆறு நட்டுகளை எடுங்கள். யூ-ஜாயின்ட்டின் கிராஸை (நடுவிலுள்ள சிலுவைத் துண்டை) விரலால் இரு திசையிலும் மடக்கிப் பாருங்கள்: துளி ஆட்டமோ, சொரசொரப்போ, ஊசி பேரிங் ஓரத்தில் செம்பழுப்புத் துருத்தூளோ தெரிந்தால் மாற்றுங்கள். கிரீஸ் அடித்துச் சமாளிக்காதீர்கள். யூ-ஜாயின்ட் உடைந்தால் அதை மூடியிருக்கும் மடிப்பு ரப்பர் உறையான பெல்லோஸைக் கிழித்துப் படகுக்குள் தண்ணீர் புகும். அந்தத் துருவுக்கும் பெரும்பாலும் காரணம் பெல்லோஸ் மடிப்பில் விழுந்த வெடிப்புதான். அதையும் சேர்த்தே மாற்றுங்கள்.

டிரைவைப் பூட்டுமுன், எஞ்சின் நேராக இருக்கிறதா என்று பார்க்கும் அலைன்மென்ட் கம்பி இரு விரல் பலத்தில் கப்ளருக்குள் போக வேண்டும். போகாவிட்டால் எஞ்சினின் முன் மவுன்ட்டை (தாங்கியை) ஏற்றி இறக்குங்கள். டிரைவ் நட்டுகளை 68 நியூட்டன் மீட்டருக்கு முடுக்குங்கள்.