நீச்சல் குளத்து மோட்டார் எட்டு மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டுமா?

வீட்டில் நீச்சல் குளம் வைத்திருப்பவர்களிடம், தண்ணீரை ஃபில்டர் வழியே சுற்றவிடும் மோட்டார் தினமும் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். பலரும் "எட்டு மணி நேரம்" என்பார்கள். ஏன் எட்டு? குளம் கட்டிக் கொடுத்தவர் அப்படிச் சொல்லிவிட்டுப் போனார், அவ்வளவுதான். எங்கள் மாமா வீட்டிலும் இதே கதை. கரண்ட் பில் வரும்போதெல்லாம் ஏசிக்குத்தான் திட்டு விழும்.

கணக்குக்காக ஒரு நடுத்தரக் குளத்தை எடுத்துக்கொள்வோம். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.4 மீட்டர். கிட்டத்தட்ட 45,000 லிட்டர். மோட்டார் 1 ஹெச்பி.

படி 1: மீட்டர் முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள்

மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் குளத்து மோட்டாரை மட்டும் ஓடவிடுங்கள். டிஜிட்டல் மீட்டரில் சின்ன விளக்கு ஒன்று சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். அது 3200 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடத்தில் 59 முறை சிமிட்டினால், 59-ஐ 60-ஆல் பெருக்கி 3200-ஆல் வகுங்கள். சுமார் 1.1 வரும். அதாவது மணிக்கு 1.1 யூனிட்.

எட்டு மணி நேரத்துக்கு 8.8 யூனிட். தமிழ்நாட்டு இரண்டு மாதக் கணக்கில் 528 யூனிட்! வீட்டின் மொத்தப் பயன்பாடு ஆயிரம் யூனிட்டைத் தாண்டிவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் 10 ரூபாய்க்கு மேல் போகிறது. குளத்தில் மிச்சப்படுத்தும் யூனிட் அந்த மேல் அடுக்கிலிருந்துதான் முதலில் கழியும். அதனால்தான் இங்கே குறைப்பது பில்லில் பளிச்சென்று தெரிகிறது.

படி 2: செலவில்லாமல் நேரத்தைக் குறையுங்கள்

இந்த மோட்டார் மணிக்கு 10,000 லிட்டர் தள்ளினால், நாலரை மணி நேரத்தில் குளத்து நீரின் அளவு ஒரு சுற்று ஃபில்டரைக் கடந்துவிடும். நான்கைந்து பேர் குளிக்கும் வீட்டுக் குளத்துக்குப் பெரும்பாலும் நாளுக்கு ஒரு சுற்று போதும்.

ஆனால் ஒரேயடியாகக் குறைக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று இறக்குங்கள். ஆழமான பக்கத்தில் அடியில் இருக்கும் வடிகால் மூடி தெளிவாகத் தெரிகிறதா, குளோரின் 1 முதல் 3 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) நிற்கிறதா, அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.2 முதல் 7.6 வரை இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் மங்க ஆரம்பித்தால் ஒரு மணி நேரத்தைத் திரும்பக் கூட்டிவிடுங்கள். சொந்தக்காரப் பிள்ளைகள் பட்டாளமாக வந்து குதித்த நாளிலும், பெருமழைக்கு அடுத்த நாளிலும் கூடுதலாக ஓட்டித்தான் ஆக வேண்டும். ஞாபகமறதிக்கு மருந்து டைமர். மோட்டார் லோடைத் தாங்கும்படி கான்டாக்டருடன் (பெரிய லோடுக்கான சுவிட்ச்) எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டுங்கள்.

படி 3: ஃபில்டரைக் கவனியுங்கள்

பேக்வாஷ், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு ஃபில்டர் மணலைக் கழுவுவது, செய்து முடித்ததும் ஃபில்டரின் பிரஷர் கேஜில் முள் எங்கே நிற்கிறது என்று மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். அதைவிட 0.5 முதல் 0.7 பார் ஏறினால் மணல் அடைத்திருக்கிறது என்று அர்த்தம், அப்போது பேக்வாஷ் செய்தால் போதும். மூன்று நிமிட பேக்வாஷுக்கு 500 லிட்டர் தண்ணீர் போகும். தினமும் செய்பவர்கள் தண்ணீரோடு அதில் போட்ட குளோரினையும் சேர்த்துச் சாக்கடையில் விடுகிறார்கள்.

படி 4: இப்போதுதான் மோட்டார்

வேகத்தை மாற்றக்கூடிய பம்புகள் வருகின்றன. இதன் சூட்சுமம் அழகானது. வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீர் பாதியாகும். ஆனால் மின்சாரத் தேவை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும். மோட்டாரின் சொந்த இழப்பையும் சேர்த்து நம் பம்புக்கு 200 வாட் என்று வைத்தால், மெதுவாக 9 மணி நேரம் ஓடி அதே 45,000 லிட்டரைத் தள்ள 1.8 யூனிட்தான். மெதுவாக, நீண்ட நேரம்: படி 2-இல் நேரத்தைக் குறைத்ததற்கு நேர் எதிர்த் திசையில் வந்துவிட்டோம் பாருங்கள். அமெரிக்காவில் 2021 ஜூலையில் அமலுக்கு வந்த விதிக்குப் பிறகு, அங்கே தரையில் பதித்துக் கட்டிய குளங்களுக்கு வரும் பெரும்பாலான புதிய பம்புகள் இந்த வகைதான்.

விற்பவர் 8.8-லிருந்து 1.8-ஐக் கழித்து லாபம் காட்டுவார். ஏமாற வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே ஐந்து மணி நேரத்துக்கு இறங்கியிருந்தால் இப்போதைய செலவு 5.5 யூனிட். உண்மையான மிச்சம் 3.7 யூனிட், மாதம் சுமார் 110 யூனிட். அதை ரூபாயாக்கி, பம்பின் விலையை அந்தத் தொகையால் வகுத்தால் எத்தனை மாதத்தில் போட்ட காசு திரும்பும் என்று தெரியும். பழைய மோட்டார் நன்றாக ஓடினால் நான் பொறுத்திருப்பேன். அது எரிந்துபோய்க் காயில் கட்ட வேண்டிய நாள் வரும்போது மாற்றுவேன்.

பழைய சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி எதையாவது மாட்டி வேகத்தைக் குறைக்கும் வேலை மட்டும் வேண்டாம். காயில் சூடேறிக் கருகிவிடும். அப்புறம், புது பம்பு வைத்தாலும், வாக்குவம் போட்டு அடி அழுக்கை உறிஞ்சவும் பேக்வாஷ் செய்யவும் முழு வேகம் தேவை. பிரஷரையும் எப்போதும் ஒரே வேகத்தில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

படி 5: மூடி

வெயில் காலத்தில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானால் இந்தக் குளத்தில் 190 லிட்டர் போய்விடும். குளிக்காத நேரத்தில் மூடினால் தண்ணீர் மிஞ்சும், வேப்பிலை விழாது, வெயிலில் குளோரினும் வீணாகாது. ஆனால் சித்திரை வெயிலில் மூடிய குளம் வெந்நீர்த் தொட்டியாகிவிடும். அந்த மாதங்களில் இரவில் சில மணி நேரம் திறந்து ஆறவிடுங்கள். மிதக்கும் குமிழ் மூடி குழந்தையின் எடையைத் தாங்காது. மூடி இருக்கிறதே என்று வேலிக்கதவைத் திறந்து போடாதீர்கள்.

ஹீட்டர் சென்னையில் தேவையே இல்லை. ஊட்டி, கொடைக்கானலில் என்றால் முதலில் மூடி வாங்குங்கள், பிறகு ஹீட் பம்ப் (காற்றின் வெப்பத்தை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் கருவி) பற்றி யோசிக்கலாம்.

படி 6: விளக்கு

300 வாட் ஹாலஜனுக்குப் பதில் 25 வாட் எல்இடி. சனி ஞாயிறு மட்டும் விளக்குப் போடுகிற வீட்டில் பெரிய மிச்சம் இருக்காது, பல்பு போகும்போது மாற்றினால் சரி. வாங்கும் முன் அதே 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒத்துப்போகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒத்துப்போகாவிட்டால் புது விளக்கு மினுக் மினுக் என்று கண்ணடிக்கும்.