கீசர் ஒழுகினால் செய்யக் கூடாதவை

கீசர் சொட்ட ஆரம்பித்ததும் பலர் முதலில் எடுப்பது எம்-சீல் என்னும் ஒட்டுப் பசை. எங்கிருந்து ஒழுகுகிறது என்று பார்க்காமல் அதை அப்புவதில்தான் வேலை கெடுகிறது. டேங்கைச் சுற்றி ஃபோம் இருப்பதால், மேலே கசியும் தண்ணீர் உள்ளுக்குள்ளேயே இறங்கிக் கீழ் மூடியின் ஓரத்தில் வந்து சொட்டும். சொட்டுகிற இடத்தை அடைத்தால் தண்ணீர் வயரிங் பக்கம் திரும்பிவிடும்.

எதைத் தொடுவதற்கு முன்னும் மின் பெட்டியில் கீசருக்கான எம்.சி.பி.யை (பிரேக்கர் சுவிட்சை) இறக்கிவிடுங்கள். சுவர் சுவிட்சை மட்டும் நம்பக் கூடாது. ஃபேஸும் நியூட்ரலும் மாற்றிக் கொடுக்கப்பட்டிருந்தால், சுவிட்சை அணைத்தாலும் தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட்டில் மின்சாரம் இருக்கும். பிறகு குழாய்களை நன்றாகத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் செய்தித்தாள் துண்டு ஒன்றைச் சுற்றி வையுங்கள். ஒரு மணி நேரத்தில் எந்தத் துண்டு முதலில் நனைகிறதோ அங்கேதான் கசிவு.

தண்ணீர் சூடாகும்போது மட்டும், குளிர்நீர் உள்ளே போகும் வழியில் உள்ள சேஃப்டி வால்வு சொட்டினால் அது கோளாறே அல்ல. 25 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடாகும்போது சுமார் 400 மில்லி அளவுக்கு விரிகிறது. வால்வில் தண்ணீர் திரும்பிப் போகாதபடி தடுப்பு இருப்பதால், அந்த விரிவுக்குப் போக வேறு வழியில்லை. வால்வின் மேல் 8 பார் என்பது போல அச்சிட்டிருக்கும் அழுத்தம் வந்ததும் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறது. இந்தச் சொட்டு தொந்தரவாக இருக்கிறதென்று வால்வின் வாயை எண்ட் கேப் போட்டு அடைப்பதைவிட ஆபத்தான காரியம் கிடையாது. ஒருநாள் தெர்மோஸ்டாட்டும், சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட்டும் சேர்ந்து பழுதானால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டும். டேங்க் வெடிக்கிற நொடியில் அது ஆவியாகிச் சுவரையே பெயர்த்துவிடும். வால்வோடு இணைத்த டியூபின் முனையில் திருகுகுழாய் வைத்து மூடுவதும் இதே தவறுதான்.

கீசர் அணைந்திருக்கும்போதும் சொட்டினால் வால்வின் உள்ளே உப்புத்துகள் சிக்கியிருக்கலாம். தண்ணீர் ஆறிய பிறகு அதன் லீவரை நாலைந்து முறை தூக்கி விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். இல்லையென்றால் அதே அழுத்த அளவுள்ள வால்வை வாங்கி மாற்றுங்கள்.

ஹோஸ் இணைப்பில் கசிந்தால் டெஃப்லான் டேப் சுற்றுவது வீண்வேலை. அங்கே தண்ணீரைத் தடுப்பது நட்டுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர். வெந்நீர்ப் பக்கம் அது சீக்கிரமே காய்ந்து வெடிக்கும். அரை இஞ்ச் வாஷரைப் புதிதாகப் போட்டு, கையால் முறுக்கியபின் ஸ்பானரில் கால் சுற்று கொடுத்தால் போதும். டேப் தேவைப்படுவது வால்வும், டேங்கிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நிப்பிளும் சேரும் மரையில்: எட்டுப் பத்து சுற்று, மரை ஏறும் திசையிலேயே. வால்வை முறுக்கும்போது இன்னொரு ஸ்பானரால் நிப்பிளைப் பிடித்துக்கொள்ளுங்கள். நிப்பிள் டேங்கோடு வெல்டு செய்யப்பட்டது. அது திரும்பினால் அடியில் விரிசல் விடும்.

கீழ் மூடிக்குள் ஈரம் இருந்தால் எலிமென்ட் பிளேட்டுக்கு அடியில் இருக்கும் ரப்பர் கேஸ்கெட்டைப் பாருங்கள். கழற்றுமுன் வயர்களைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டேங்கைக் காலி செய்ய, குளிர்நீர் வரத்தை மூடிவிட்டு, வெந்நீர்க் குழாயைத் திறந்து காற்று உள்ளே போக விட்டு, குளிர்நீர்ப் பக்க வால்வைக் கழற்ற வேண்டும், அதுவும் தண்ணீர் நன்றாக ஆறிய பிறகு. பழைய கேஸ்கெட்டையே மீண்டும் போட்டால் மறுபடி ஒழுகும். நட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒரு பக்கமாக இறுக்கினால் பிளேட் சாய்ந்துவிடும். அந்த நேரத்திலேயே மெக்னீசியம் கம்பியையும் பாருங்கள். டேங்குக்குப் பதிலாகத் தான் அரிக்கப்பட்டுப் போவதே அதன் வேலை. போர் தண்ணீர் வரும் வீடுகளில் அது வேகமாகக் கரையும். உள்கம்பி தெரிந்தால் புதிது போடுங்கள்.

துருநிறத் தண்ணீர் ஃபோம் வழியாக வந்தால் டேங்கே ஓட்டை. எம்-சீல் நிற்காது, கண்ணாடிப் பூச்சு டேங்கில் வெல்டிங் வைத்தால் சுற்றியுள்ள பூச்சு உதிர்ந்து அங்கே மறுபடி அரிக்கும். டேங்குக்குத் தனி வாரண்டி இருக்கிறதா என்று கார்டில் பாருங்கள். இல்லையென்றால் கீசரை மாற்றத்தான் வேண்டும்.

ஒழுகலோடு ஆர்.சி.சி.பி.யும் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தால் எலிமென்ட்டின் உறை வெடித்திருக்கலாம். ஆர்.சி.சி.பி.யைத் தவிர்த்து நேரடி லைன் கொடுப்பது குளிப்பவர் உயிரைப் பணயம் வைப்பது. எலிமென்ட்டை மாற்றாமல் கீசரைத் தொடாதீர்கள்.

எல்லாம் பூட்டியதும் உடனே சுவிட்ச் போட்டால் காலி டேங்கில் எலிமென்ட் கருகிவிடும். வெந்நீர்க் குழாயில் காற்று சீறுவது நின்று தண்ணீர் ஒரே சீராக விழும்வரை காத்திருந்து, பிறகு மின்சாரம் கொடுங்கள். முதல் தடவை சூடாகி ஆறியதும் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, கேஸ்கெட் ஓரத்தை டிஷ்யூ பேப்பரால் ஒருமுறை ஒற்றிப் பாருங்கள்.