டிஎன்ஏ பாடத்தில் சறுக்கும் இடங்கள்

டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி (A, T, G, C) என்ற நான்கு வேதி எழுத்துகளால் ஆன இரண்டு இழைகள்: ஒன்றில் ஏ வந்தால் எதிரே டி, ஜி வந்தால் எதிரே சி. டிஎன்ஏ பற்றி மற்றதெல்லாம் மறந்தாலும் இது மறக்காது. ஆனால் பலர் சறுக்குவதும் இங்கேதான், ஏனென்றால் ஜோடியை மனப்பாடம் செய்தவர்கள் திசையைக் கவனிப்பதில்லை.

ஒவ்வொரு இழையின் இரு முனைகளுக்கும் 5', 3' என்று பெயர். ஒரு இழையில் 5' முனையிலிருந்து 3' முனை நோக்கி ஏடிஜி என்று இருக்கிறது, எதிர் இழை என்ன என்று கேட்டால் சட்டென்று டிஏசி என்று எழுதிவிடுவோம். ஜோடி சரிதான். ஆனால் இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் அந்த டிஏசி 3'-இல் தொடங்கி 5'-இல் முடிகிறது, வழக்கம்போல் 5'-இலிருந்து வாசித்தால் அது சிஏடி. சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். மூன்று எழுத்துகள் சேர்ந்து, புரதத்தைக் கட்டும் அலகான ஒரு அமினோ அமிலத்துக்குக் குறியாகின்றன; அப்படி எடுத்தால் டிஏசி டைரோசின், சிஏடி ஹிஸ்டிடின், இரண்டும் வேறு வேறு அமினோ அமிலங்கள். எந்த வரிசையை எழுதினாலும் முதலில் இரு முனைகளிலும் 5', 3' என்று குறித்துவிடுங்கள்.

அப்புறம் சதவீதக் கணக்கு. ஏ 30% என்றால் டி 30%, ஜியும் சியும் தலா 20%. இது இரட்டை இழைக்குத்தான் பொருந்தும். சில வைரஸ்களில் டிஎன்ஏ ஒற்றை இழையாக இருக்கும், அங்கே இந்தக் கணக்கைப் போடக் கூடாது.

எனக்கு ரொம்பவே உறுத்துவது, 'ஒவ்வொரு மனிதருக்கும் தனி மரபுக் குறியீடு' என்ற வரி. ஆளுக்கு ஆள் மாறுவது எழுத்துகளின் வரிசை. குறியீடு என்பது எந்த மூன்றெழுத்துக்கு எந்த அமினோ அமிலம் என்று சொல்லும் 64 குறிகளின் அட்டவணை, அது மனிதருக்கும் பாக்டீரியாவுக்கும் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால்தான் மனித இன்சுலினுக்கான மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்தால் அது பிழையில்லாமல் வாசிக்கிறது, அப்படித் தயாரான இன்சுலின் 1982-இல் மருந்தாக அனுமதி பெற்றது. எவ்வளவு அழகான சான்று!

டிஎன்ஏ முழுவதும் மரபணு என்று நினைப்பதும் தவறு. மனித மரபுத்தொகுதியின், அதாவது மனிதரின் முழு டிஎன்ஏ தொகுப்பின், சுமார் 300 கோடி எழுத்து ஜோடிகளில் புரதத்துக்கான குறிகள் 2 சதவீதம்கூட இல்லை. அதற்காக மீதியைக் குப்பை என்று தள்ளிவிடவும் முடியாது, எந்த மரபணு எங்கே, எப்போது இயங்க வேண்டும் என்று கட்டுப்படுத்தும் பகுதிகள் அதில்தான் நிறைய இருக்கின்றன.

கண் செல்லில் கண்ணுக்கு வேண்டிய மரபணுக்கள் மட்டும் இருக்கும் என்கிறார்களே, அதுவும் இல்லை. இன்சுலின் மரபணு கண் செல்லிலும் இருக்கிறது, தோல் செல்லிலும் இருக்கிறது. அதைத் திறந்து இன்சுலின் சுரப்பது கணையத்தின் பீட்டா செல்கள்.