காபி கிளப் முதல் பிரைவேட் லிமிடெட் வரை: ஓர் உணவக நிறுவனத்தின் வரலாற்றை எழுதும் முறை

கும்பகோணத்தில் ஓர் உணவகத்தின் கல்லாவுக்கு மேலே, நிறுவியவரின் படத்துக்குக் கீழே, 'துவக்கம் 1951' என்று எழுதியிருக்கிறது. அந்தக் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையினர் தங்கள் நிறுவனத்தின் வரலாற்றைத் தொகுத்துத் தருமாறு கேட்டபோது, நானும் அந்த ஆண்டிலிருந்துதான் தொடங்கினேன். இரண்டு மாதம் கழித்துப் பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியில் கிடைத்த கூட்டு வியாபாரப் பத்திரம் 1963 என்றது. நிறுவனப் பதிவுச் சான்று 1998 என்றது. வீட்டுப் பெரியவரோ, "இந்த இடத்துக்கு நாங்க வந்ததே மகாமகத்துக்கு அப்புறந்தான் தம்பி" என்றார். விசாரித்துப் பார்த்தபோது நான்குமே உண்மை என்று தெரிந்தது. 1951 கோயில் வாசலில் காபி விற்கத் தொடங்கிய ஆண்டு. 1956 மகாமகத்துக்குப் பிறகு கடை இப்போதைய மனைக்கு வந்தது. 1963இல் மைத்துனர் பங்காளியானார். 1998இல் அது பிரைவேட் லிமிடெட் ஆனது.

டெல்டாவில் படிக்கும் வணிகவியல் மாணவர்களும், தங்கள் குடும்பத்து மெஸ்ஸின் கதையை எழுத நினைப்பவர்களும் இந்த இடத்தில்தான் முதலில் தடுமாறுகிறார்கள் என்பதால், நான் கடைப்பிடிக்கும் முறையை இங்கே விரிவாகச் சொல்கிறேன். ஓர் உணவக நிறுவனத்துக்கு ஒரே பிறந்தநாள் இருப்பது அரிது. ஆகவே 'எப்போது தொடங்கியது' என்ற கேள்வியை ஒத்திவைத்துவிட்டு, பெயர் யாருடையது, மனை யாருடையது, கைப்பக்குவம் யாருடையது என்று மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காகிதங்கள் உண்டு. பெரும்பாலும் தனித்தனி மனிதர்களும் உண்டு.

பெரிய நிறுவனத்தில் பழகிக்கொள்ளுங்கள்

உள்ளூர்க் கடையின் காகிதங்களைத் தொடுமுன், செய்திகள் ஏராளமாக வெளிவந்திருக்கும் ஒரு துரித உணவு நிறுவனத்திடம் இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி. மெக்டொனால்ட்ஸை எடுத்துக்கொள்வோம். ரிச்சர்டு, மாரிஸ் என்ற மெக்டொனால்டு சகோதரர்கள் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் 1940இல் கடை திறந்தார்கள். 1948இல் கடையை மூடி, பட்டியலைச் சில பண்டங்களாகச் சுருக்கி, சமையலறையை வரிசை வேலைக்கு ஏற்ப மாற்றி, 15 சென்ட் ஹாம்பர்கருடன் மறுபடி திறந்தார்கள். 1954இல் அவர்களிடம் வந்தவர் மில்க் ஷேக் கலக்கும் இயந்திரங்களை விற்றுக்கொண்டிருந்த ரே கிராக். அவர் 1955 ஏப்ரல் 15 அன்று இல்லினாய் மாநிலத்தின் டெஸ் பிளெய்ன்ஸில் திறந்த கடையைத்தான் நிறுவனம் நெடுங்காலம் தன் தொடக்கமாகக் கொண்டாடியது. 1961இல் கிராக் 27 லட்சம் டாலருக்குச் சகோதரர்களிடமிருந்து உரிமை முழுவதையும் வாங்கினார். சான் பெர்னார்டினோ கடையைச் சகோதரர்கள் தாங்களே வைத்துக்கொண்டாலும், அதற்குத் தங்கள் குடும்பப் பெயரைப் பயன்படுத்த முடியாமல் 'பிக் எம்' என்று பெயர் மாற்ற வேண்டியதாயிற்று. பெயர் ஓரிடமும் கடை ஓரிடமுமாகப் பிரிந்துபோவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

மனை பற்றிய கேள்விக்கும் இங்கே பதில் இருக்கிறது. ஹாரி சோன்போர்ன் என்ற நிதி நிர்வாகியின் யோசனைப்படி 1956இல் நிலத்துக்கென்றே தனி நிறுவனம் ஒன்று அமைக்கப்பட்டது. அது மனைகளை வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ, கடை நடத்துபவர்களுக்கு உள்வாடகைக்கு விட்டது. பர்கர் விற்பனையை மட்டும் பார்த்து எழுதப்படும் மெக்டொனால்ட்ஸ் வரலாறு பாதி வரலாறுதான்.

கைப்பக்குவத்துக்கு கே.எஃப்.சி.யைப் பாருங்கள். கென்டக்கியின் கார்பின் ஊரில் 1930 முதல் வழிப்போக்கர்களுக்குச் சமைத்துப் போட்டவர் ஹார்லண்டு சாண்டர்ஸ். ஆனால் 1952இல் அவரிடம் முதன்முதலாக உரிமை பெற்றுக் கடை நடத்தியவர், அங்கிருந்து வெகுதூரத்திலுள்ள சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த பீட் ஹார்மன். 'கென்டக்கி ஃபிரைடு சிக்கன்' என்ற பெயரைச் சூட்டியவரோ ஹார்மன் அமர்த்திய பெயர்ப்பலகை ஓவியர். சாண்டர்ஸ் 1964இல் நிறுவனத்தை 20 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். அது 1971இல் ஹியூப்ளைன், 1982இல் ஆர்.ஜே. ரேனால்ட்ஸ், 1986இல் பெப்சிகோ என்று கைமாறி, 1997இல் தனியாகப் பிரிந்த ட்ரைகான் நிறுவனத்தின் கீழ் வந்தது. ட்ரைகான் 2002 முதல் யம் பிராண்ட்ஸ் எனப்படுகிறது. இத்தனை உரிமையாளர்கள் மாறியும் பலகையில் சிரிப்பது சாண்டர்ஸின் முகம்தான். இதைப் படித்த பிறகு, எந்த உள்ளூர்க் கடைக்குப் போனாலும் பெயர்ப்பலகை எழுதியவர் யார் என்று கேட்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

நம் பகுதியில் கிளை திறக்கும் வெளிநாட்டுப் பெயர்களைப் பற்றி எழுதும்போது மாணவர்கள் செய்யும் பெரிய பிழை, அமெரிக்க நிறுவனத்தின் கதையை அப்படியே எடுத்து எழுதுவதாகும். டோமினோஸ் 1960இல் மிச்சிகனில் தொடங்கியது உண்மை. ஆனால் இந்தியாவில் அதன் கடைகளை நடத்துவது, 1995இல் பதிவாகி, 1996இல் டெல்லியில் முதல் கடை திறந்து, 2010இல் பங்குச் சந்தைக்கு வந்த ஜூபிலன்ட் ஃபுட்வொர்க்ஸ். மெக்டொனால்ட்ஸ் 1996இல் இந்தியாவுக்கு வந்தபோது, வடக்கும் கிழக்கும் ஒரு கூட்டாளிக்கும் மேற்கும் தெற்கும் இன்னொருவருக்கும் சென்றன. வடக்குக் கூட்டாளியுடன் 2013இல் வெடித்த தகராறு 2019இல்தான் உடன்பாட்டில் முடிந்தது. தமிழ்நாடு தெற்குப் பங்கைச் சேர்ந்தது. அந்தப் பங்கை நடத்துவது வெஸ்ட்லைஃப் குழுமத்தின் ஹார்ட்காஸில் ரெஸ்டாரன்ட்ஸ். ஆகவே திருச்சிக் கடையைப் பற்றி எழுதுபவர் அந்த வடக்குத் தகராறைத் தன் கதையின் நடுவில் கொண்டுவந்து வைக்கக் கூடாது.

காகிதங்கள் எங்கே கிடைக்கும்

கடை கூட்டு வியாபாரமாக இருந்தால், அது 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் கீழ் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கலாம். பதிவு கட்டாயமில்லை என்பதால், அங்கே இல்லாததை வைத்துக் கடையே இருந்ததில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பத்திரத்தின் அசல் வீட்டிலேயே இருக்கக்கூடும். நான் பார்த்த 1963ஆம் ஆண்டுப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு சொத்துப் பட்டியல் இருந்தது. செம்பு அண்டா 4, இட்லிக் கொப்பரை 2, ஆட்டுக்கல் 3, பெஞ்சு 12, சுவர்க்கடிகாரம் 1 என்று எழுதி, எல்லாவற்றுக்கும் கீழே, சற்றே பெரிய எழுத்தில், 'மேற்படி பெயரின் மதிப்பு' என்று ஒரு தொகை. அண்டாவையும் ஆட்டுக்கல்லையும் சேர்த்தாலும் அந்தத் தொகைக்கு ஈடாகாது. கடையின் வரலாற்றில் அந்த ஒரு வரிக்கு நான் இரண்டு பக்கம் ஒதுக்கினேன்.

கம்பெனியாகப் பதிவானதாக இருந்தால், மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அதன் 21 இலக்க அடையாள எண் கிடைக்கும். அதை எழுத்தெழுத்தாகப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் எழுத்து, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமா இல்லையா என்பதைச் சொல்லும். அடுத்த 5 இலக்கங்கள் தொழில் வகை; அதன் பின் மாநிலத்துக்கு 2 எழுத்து; பதிவான ஆண்டுக்கு 4 இலக்கம்; பிரைவேட்டா பப்ளிக்கா என்பதற்கு 3 எழுத்து; கடைசி 6 இலக்கங்கள் பதிவு எண். எண்ணில் உள்ள ஆண்டு சட்டப்படி கம்பெனி பிறந்த ஆண்டு மட்டுமே. அடுப்பு மூட்டிய ஆண்டு அன்று. அமைப்பு விதிகள், ஆண்டறிக்கைகள், இயக்குநர் மாற்றங்கள், வங்கிக்கு எழுதிக் கொடுத்த அடமானங்கள் ஆகியவற்றைக் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். கடன் வாங்கிய ஆண்டும் புதுக் கிளை திறந்த ஆண்டும் பெரும்பாலும் அருகருகே இருக்கும். பங்கு வெளியிட்ட நிறுவனமாக இருந்தால் முன்விளக்க ஆவணத்தை (புராஸ்பெக்டஸ்) தேடி எடுங்கள். பெயர் மாற்றங்கள், நிலுவை வழக்குகள், பெயரின் உரிமையாளருடன் செய்த ஒப்பந்தம் என எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது அதில்தான்.

வணிகச் சின்னப் பதிவேட்டையும் தவறவிடாதீர்கள். விண்ணப்பத்தில் 'எந்த நாள் முதல் பயன்பாட்டில் உள்ளது' என்று ஒரு பகுதி இருக்கும். அது உரிமை கோருபவரின் கூற்றே தவிரத் தீர்ப்பன்று. ஆயினும் குடும்பம் தன் தொடக்கமாக எதை நினைக்கிறது என்பதற்கு நல்ல சாட்சி. நம் நாட்டில் சேவைகளுக்குச் சின்னம் பதிவது 2003 செப்டம்பர் 15 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் இயன்றது. ஆகவே ஒரு பழைய உணவகத்தின் பெயர் அதற்கு முன் காபிப்பொடிக்கோ இனிப்புக்கோ மட்டும் பதிவாகியிருந்தால் அது கவனக்குறைவு அன்று.

மனையின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் 1975 முதலான விவரங்கள் கிடைக்கின்றன. அதற்கு முந்தியவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுச் செய்ய வேண்டும். பதினோரு மாத வாடகை ஒப்பந்தங்கள் பதிவாவதில்லை என்பதால் அவை இதில் வராது. டெல்டாவின் கோயில் ஊர்களில் பல கடைகள் கோயில் மனையிலோ மடத்து மனையிலோ நிற்பவை. அப்படியானால் தேட வேண்டியது, நிலத்துக்கு மட்டும் செலுத்தும் அடிமனை வாடகையின் ரசீதுகளை. விற்பனைக் கணக்கு காணாமல் போன வீட்டிலும், கோயில் ரசீதுகளைக் கம்பியில் குத்தி வைத்திருப்பார்கள். ஆண்டு தவறாமல், பெயர் மாறினால் மாறிய பெயருடன், அவை கடையின் இருப்பைச் சொல்லிக்கொண்டே போகும்.

தேதி இல்லாத காகிதத்துக்குத் தேதி காண்பது

பழைய ரசீதுகளிலும் விளம்பரத் தாள்களிலும் ஆண்டு இருக்காது, முகவரி இருக்கும். 'தஞ்சாவூர் மாவட்டம், நாகப்பட்டினம்' என்றிருந்தால் அது மாவட்டம் பிரிந்த 1991க்கு முந்தியது. திருவாரூர் 1997இலும் மயிலாடுதுறை 2020இலும் தனி மாவட்டங்களாயின. அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமானது. ஆறு இலக்கம் அச்சாகியிருந்தால் தாள் அதற்குப் பிந்தியது. விலைப்பட்டியலில் அணா இருந்தால் 1957 ஏப்ரலில் தசம நாணயம் வருவதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பழக்கத்தால் அதன் பின்னும் அணாவில் எழுதியவர்கள் உண்டு. 'ந.பை.' (நயா பைசா) என்றிருந்தால் 1957 ஏப்ரலுக்குப் பிந்தியது. 1964 நடுவில் 'நயா' அதிகாரபூர்வமாக நீங்கியது. ஜி.எஸ்.டி. எண் 2017 ஜூலைக்குப் பிறகு. இவற்றை ஓர் அட்டையில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டால், தகரப் பெட்டி முன் உட்காரும்போது மிகவும் உதவும்.

பேசுவது

காகிதம் சொல்லாததை மனிதர்கள் சொல்வார்கள். அதற்கு நேரம் பார்த்துப் போக வேண்டும். மதியச் சாப்பாடு முடிந்து, மாலை டிபனுக்கு அடுப்பு மூட்டுவதற்கு முன் கிடைக்கும் ஒரு மணி நேரம்தான் சமையலைக் கவனிக்கும் சரக்கு மாஸ்டரும், பரிமாறும் சப்ளையர்களும் உட்காரும் நேரம். 'எந்த வருஷம்' என்று கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. 'எந்த மகாமகத்துக்கு முன்னால்' என்று கேளுங்கள். 1968, 1980, 1992, 2004, 2016 என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். கடலோரப் பக்கமென்றால், 2018இல் வந்த கஜா புயலுக்கு முன்னா பின்னா என்று கேட்டாலே போதும்.

பண்டங்களைப் பற்றிக் கேட்பது இன்னும் பயன் தரும். அந்தக் கும்பகோணக் கடையில் ஞாயிறு காலை இட்லிக்குத் தொட்டுக்கொள்ளப் போடும் கடப்பா என்ற குழம்புக்கென்றே கூட்டம் வரும். அதை ஆரம்பித்தவர் தாத்தா என்று குடும்பத்தினர் சொன்னார்கள். நாற்பத்தொரு ஆண்டுகள் அடுப்படியில் நின்ற சரக்கு மாஸ்டர், மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்து சிறிது காலமே வேலை பார்த்த ஒருவர் வெந்த பாசிப்பருப்பையும் உருளைக்கிழங்கையும் கையால் மசித்துக் காட்டியதையும், தாத்தா ருசி பார்த்துவிட்டு 'நாளைக்கும் போடு' என்றதையும் சொன்னார். இரண்டையும் எழுதினேன், யார் சொன்னது எது என்று பெயர் உறவுடன் குறித்தேன். ஒன்றைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஆதாரமில்லை. குடும்பத்தினர் முதலில் முகம் சுளித்தாலும், பின்னர் அந்தப் பத்தியை நீக்கச் சொல்லவில்லை.

எழுதும்போது

ஆண்டு வரிசையில் எழுதுவதே நல்லது. ஆனால் ஒவ்வோர் ஆண்டுக்கும் நேரே அது பெயரைப் பற்றியதா, மனையைப் பற்றியதா, கையைப் பற்றியதா என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள். ஒரு பத்தாண்டு முழுக்க மனை பற்றிய குறிப்பே இல்லையென்றால், அங்கே இன்னும் தேட வேண்டும் என்று பொருள். பங்காளிகள் பிரிந்ததை மறைக்க வேண்டாம். தீர்ப்பு வந்திருந்தால் தீர்ப்பில் உள்ளதை மட்டும் எழுதுங்கள். வராத வழக்கில் இரு தரப்பின் வாதத்தையும் சம அளவில் சொல்லி நிறுத்துங்கள். விற்பனைத் தொகை கணக்குப் புத்தகத்தில் இருந்தாலொழிய எழுதாதீர்கள். 'அந்தக் காலத்திலேயே லட்சக்கணக்கில்' என்பது கணக்காகாது.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், வரைவை உங்களிடம் பேசியவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். நான் மதியம் மூன்று மணிக்குச் சரக்கு மாஸ்டருக்குப் படித்தேன். 1963ஆம் ஆண்டுச் சொத்துப் பட்டியல் வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். "மூணாவது ஆட்டுக்கல் கடையோடது இல்ல தம்பி, எதிர்வீட்டு அம்மாவோடது; தினம் ஒரு படி மாவு கொடுத்துட்டு அரைச்சுக்குவாங்களாம். எனக்குத் தொழில் கத்துக்கொடுத்த மாஸ்டர் சொன்னது" என்றார். பத்திரத்தில் உள்ள எண்ணை நான் மாற்றவில்லை. அவர் சொன்னதை, அவர் சொன்ன வார்த்தைகளிலேயே, அந்தப் பக்கத்தின் அடிக்குறிப்பாகச் சேர்த்தேன்.