தகுதி குறித்த ஐயத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது எப்படி?

நிறுவனத்திற்கு முதலீடு வந்து சேர்ந்த மறுநாளோ, பெரிய பொறுப்பை ஏற்ற முதல் வாரத்திலோ, "இதற்கு எனக்குத் தகுதி இல்லை, ஒருநாள் எல்லோருக்கும் இது தெரிந்துவிடும்" என்ற எண்ணம் சாதனையாளர்கள் பலருக்கு எழுகிறது. அமெரிக்காவின் அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்கள் பாலின் கிளான்ஸும் சுசான் ஐம்ஸும், உயர்நிலையை எட்டிய பெண்களிடம் இந்த எண்ணம் வேரூன்றியிருப்பதைக் கண்டு 1978-இல் அதைப் பற்றி எழுதினார்கள். இன்று இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்ற பெயரில் இது பரவியிருந்தாலும், அவர்கள் இதை நோயாகக் குறிப்பிடவில்லை. ஆகவே இதை அடியோடு ஒழிக்கப் பாடுபடுவதைவிட, இது சொல்வதில் உண்மை எவ்வளவு என்று பிரித்தறிவதே பயன் தரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த எண்ணம் எழும் போதெல்லாம் அதை ஒரு தாளில் எழுதுங்கள். "எனக்குத் தகுதி இல்லை" என்பது வெறும் தீர்ப்பு. அதை வைத்து எதையும் செய்ய முடியாது. "இந்த ஒப்பந்தத்தின் ஏழாவது நிபந்தனை எனக்குப் புரியவில்லை", "பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்து நிறுவனத்தின் நிலையைக் கணிக்கத் தெரியவில்லை" என்பவை தகவல்கள். தீர்ப்பாக எழுதிய ஒவ்வொரு வரியையும் இப்படித் தகவலாக மாற்றி, அதன் எதிரே யாரிடம் கேட்டால் தெளிவு கிடைக்கும் என்று குறித்துக்கொண்டு, அந்த வாரத்திற்குள் அவரிடம் கேட்டுவிடுங்கள்.

ஆஸ்திரேலிய மென்பொருள் நிறுவனமான அட்லாசியனை 2002-இல் நண்பருடன் சேர்ந்து தொடங்கிய மைக் கேனன்-புரூக்ஸ் இதற்கு நல்ல சான்று. தெற்கு ஆஸ்திரேலியாவின் மின்தட்டுப்பாட்டை 100 நாட்களில் பேட்டரிகளால் தீர்க்க முடியும் என்று டெஸ்லா தரப்பு கூறியதை 2017 மார்ச்சில் அறிந்த அவர், உண்மையாகத்தான் சொல்கிறீர்களா என்று ட்விட்டரில் கேட்டார். காலக்கெடுவுக்குள் முடிக்காவிட்டால் பணமே வேண்டாம் என்று டெஸ்லாவின் தலைவர் ஈலான் மஸ்க் பதிலளித்தார். மின்துறையில் அனுபவமே இல்லாத நிலையில் திடீரென விவாதத்தின் நடுவே நிற்க நேர்ந்தவர், பின்வாங்காமல் பேட்டரிகளைப் பற்றியும் மின்கட்டமைப்பைப் பற்றியும் வேகமாகக் கற்றுக்கொண்டார். தெற்கு ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் பேட்டரி அதே ஆண்டு டிசம்பரில் இயங்கத் தொடங்கியது. தம் ஆழத்துக்கு மீறிய இடத்தில் நிற்பதாகப் பலமுறை உணர்ந்ததை அவரே மேடையில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

இந்த ஐயத்தால் கிடைக்கும் இன்னொரு நன்மை, பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் பசிமா டியூஃபிக் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய எண்ணங்கள் மிகுந்த பயிற்சி மருத்துவர்கள், நோயாளிகளாக நடித்தவர்களிடம் அதிகப் பரிவோடு பழகியதும், நோயைக் கண்டறிவதில் மற்றவர்களைவிடப் பின்தங்காததும் தெரியவந்தன. மருத்துவருக்கு நோயாளி எப்படியோ, தொழில்முனைவோருக்கு வாடிக்கையாளரும் அப்படித்தான். அடுத்த சந்திப்பில் உங்கள் பொருளை விளக்குவதற்கு முன், அவர் இப்போது அந்த வேலையை எப்படிச் செய்கிறார், எந்த இடத்தில் சிரமப்படுகிறார் என்று கேட்டு, அவர் முடிக்கும்வரை குறுக்கிடாமல் குறிப்பெடுங்கள். இதைக் காரணம் காட்டி ஊழியர்கள் மனத்தில் ஐயத்தை விதைக்கலாம் என்று எந்த முதலாளியும் எண்ணிவிடக் கூடாது, அது கொடுமை.

ஐயம் உழைப்பைத் தூண்டும் என்பது உண்மைதான், ஆனால் அங்கேயே ஆபத்தும் இருக்கிறது. அச்சத்தால் அளவுக்கு மீறித் தயாராகிறவர் வெற்றி பெற்றதும், "இவ்வளவு பாடுபட்டதால்தான் தப்பித்தேன்" என்று முடிவுகட்டி, அடுத்த முறை இன்னும் கூடுதலாக வருத்திக்கொள்கிறார். கிளான்ஸ் விவரித்த இந்தச் சுழற்சியை உடைக்க, தயாரிப்புக்கு முன்கூட்டியே நேரம் வரையறுத்து, ஆறு மணிநேரம் என்றால் ஆறாவது மணியில் நிறுத்திவிடுங்கள். பணி முடிந்த அன்றைக்கே, எந்த முடிவை எந்தக் காரணத்தால் எடுத்தீர்கள், அதனால் என்ன நடந்தது என்பதை நான்கைந்து வரிகளில் எழுதி வையுங்கள். ஒரு வாரம் கழித்து எழுதினால், மனம் அதற்குள் எல்லாவற்றையும் அதிர்ஷ்டத்தின் கணக்கில் சேர்த்திருக்கும். ஐயம் உறக்கத்தைக் கெடுக்கிறது, வந்த வாய்ப்பை மறுக்க வைக்கிறது என்றால், இந்த வழிமுறைகளை ஒதுக்கிவைத்துவிட்டு, எழுதிய குறிப்பேட்டோடு ஓர் உளவியல் ஆலோசகரைச் சந்தியுங்கள்.