குழந்தைக்குச் சிறுநீர்த் தொற்று அடிக்கடி வந்தால்: வீட்டில் செய்யக்கூடியவை

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சித்திரை வெயில் ஏறியதும், சிறுநீர் கழிக்கும்போது குழந்தை அழுதால், சூடு பிடித்துக்கொண்டது என்று சொல்லித் தொப்புளிலும் கால் பெருவிரலிலும் விளக்கெண்ணெய் தடவிவிட்டு, ஊறவைத்த வெந்தயத் தண்ணீரைக் கொடுப்பது வழக்கம். பல நேரங்களில் கடுப்பு தணிந்தும் விடுகிறது. உடலில் நீர் குறைந்து அடர்ந்துபோன சிறுநீரால் வரும் எரிச்சலுக்குத் தண்ணீர் சேர்ந்தாலே போதும் என்பதுதான் காரணம். கிருமித் தொற்று அத்தகையதன்று. குடலில் வாழும் ஈ.கோலை என்னும் பாக்டீரியா சிறுநீர்த் தாரை வழியாக மேலேறிச் சிறுநீர்ப்பையிலும், சில குழந்தைகளுக்குச் சிறுநீரகத்திலும் பெருகுவதே பெரும்பாலான தொற்றுகளுக்குக் காரணம். இரண்டும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே தோன்றுவதால், பரிசோதிக்காமல் பிரித்தறிய இயலாது.

ஆகவே, காய்ச்சல், நடுக்கம், வாந்தி, இடுப்புப் பக்கத்தில் வலி, சிறுநீரில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கைவைத்தியத்தில் நாள் கடத்தக் கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அது அவசரம். ஆன்டிபயாடிக் மருந்தின் முதல் வேளைக்கு முன்பே சிறுநீரைக் கல்ச்சர் (கிருமியை வளர்த்து இன்னதென்று கண்டறியும்) பரிசோதனைக்குக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டாலும் மருந்தைச் சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும். சிறுநீரகத்தைத் தொட்ட தொற்றுக்குச் சிகிச்சை தாமதமானால் அங்கே தழும்பு விழுந்து, பிற்காலத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் வழிவகுக்கக்கூடும். இனிச் சொல்லப்போகும் இயற்கை முறைகள், வந்துவிட்ட தொற்றை ஆற்றுவதற்கானவை அல்ல. அடுத்தது வராமல் தடுப்பதற்கானவை.

முதலாவது தண்ணீர். ஆனால் எந்தத் தண்ணீர் என்பது நம் மாவட்டங்களில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. இங்கே பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு என்னும் உப்பு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்ததே அதற்காகத்தான். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். போர் தண்ணீரில் பார்லியைப் போட்டுச் சுண்டக் காய்ச்சிக் குழந்தைக்குக் கொடுப்பவர்கள், ஒரு நோயைத் தடுக்கப் போய்ப் பல்லில் காவி படியும் இன்னொன்றை வரவழைக்கிறார்கள். குடிக்கவும் கஞ்சி காய்ச்சவும் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரையே பயன்படுத்துங்கள். ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைக்கு, பாலிலும் உணவிலும் இருப்பதையும் சேர்த்து, நாளுக்கு ஏறத்தாழ 1.3 லிட்டர் நீர் தேவை. வெயில் காலத்தில் இன்னும் கூடும். அளந்துகொண்டிருப்பதைவிடச் சிறுநீரின் நிறத்தைப் பார்ப்பது எளிது: வெளிர் மஞ்சளாக இருந்தால் போதிய நீர் சேர்கிறது என்று கொள்ளலாம். நீர்மோர், வெள்ளரி, தர்பூசணி, சுரைக்காய்க் கூட்டு எல்லாம் இக்கணக்கில் சேரும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூட வேண்டாம்.

குடித்த நீர் வெளியேறாமல் தேங்கினால் பயனில்லை. பள்ளிக் கழிப்பறை பிடிக்காமல் காலையிலிருந்து மாலை வரை அடக்கிக்கொண்டே வீடு திரும்பும் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட அதிகம். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அனுப்பும்படி ஆசிரியரிடம் நேரில் சொல்லிவிடுவது நல்லது. வீட்டில், உள்ளாடையை முழங்காலுக்குக் கீழே இறக்கி, கால் விரித்து, பாதம் நன்றாக ஊன்றி, அவசரமின்றி உட்காரப் பழக்குங்கள்; முடித்த பின் ஓரிரு நிமிடம் விட்டு மறுபடியும் முயலச் சொன்னால் மிச்சமிருப்பதும் வெளியேறும்.

அடிக்கடி தொற்று வரும் பிள்ளைகளிடம் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் விடப்படுவது மலச்சிக்கல். மலக்குடலில் இறுகித் தேங்கிய மலம், அதன் முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்தி முழுவதும் காலியாக விடாது. எஞ்சிய சிறுநீரில் கிருமி பெருகும். மலச்சிக்கலைச் சரிசெய்தாலே தொற்று வருவது பல குழந்தைகளுக்குக் குறைந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், எந்தக் கஷாயத்துக்கும் முன்னால் இதைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். இதற்கு நம் ஊர்ச் சாப்பாடே துணை நிற்கும். 100 கிராம் ராகியில் ஏறத்தாழ 11 கிராம் நார்ச்சத்து உண்டு. ஆனால் வடிகட்டி எடுத்த ராகிப் பாலில் அது தங்காது. மெல்லத் தெரிந்த குழந்தைக்குச் சிறு உருண்டை களியும் கீரைக் குழம்பும், கொய்யா, பப்பாளி, இரவில் ஊறவைத்து மசித்த உலர்திராட்சையும் கொடுக்கலாம். பிஸ்கட்டையும் அளவுக்கு மீறிய பாலையும் குறைக்க வேண்டும். காலையில் சாப்பிட்டவுடன் ஐந்து, பத்து நிமிடம் கழிப்பறையில் உட்காரும் பழக்கம் மிக நல்லது. விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்குவதை மட்டும் விட்டுவிடுங்கள்; அது உடலின் நீரை வற்றச் செய்துவிடும்.

பார்லித் தண்ணீர் ஒரு வயதுக்கு மேல் தரலாம்: இரண்டு மேசைக்கரண்டி பார்லியைக் கழுவி, ஒரு லிட்டர் நீரில் அரை மணி நேரம் வேகவைத்து வடித்து, அன்றைக்குள் தீர்த்துவிடுங்கள். தேன் கலப்பதாயினும் ஒரு வயதுக்கு முன் கூடாது. இளநீர் நல்லதுதான், ஆயினும் அதில் பொட்டாசியம் மிகுதி என்பதால், சிறுநீரகப் பாதிப்பு உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் தரக் கூடாது. நெருஞ்சி முள் கஷாயம் சிறுநீரைப் பெருக்குவது. காய்ச்சலில் வாடும் சிறு குழந்தைக்குத் தாமாக அளவு பார்த்துக் கொடுக்கத் தக்கதன்று. வேண்டுமென்றால் அரசு மருத்துவமனைச் சித்த மருத்துவப் பிரிவில் கேட்டுக்கொள்ளலாம். கிரான்பெர்ரி என்னும் வெளிநாட்டுப் பழம், குழந்தைகளுக்குத் தொற்று மீண்டும் வருவதைக் குறைப்பதாக, பல மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட தொகுப்பாய்வு கூறுகிறது. நெல்லிக்காய் அதற்கு மாற்று என்று பரவும் பேச்சுக்கு அத்தகைய சான்று இல்லை.

சுத்தம் பற்றிச் சுருக்கமாக: பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள், பருத்தி உள்ளாடை அணிவியுங்கள், டயப்பரை நனைந்தபடி விடாதீர்கள், சோப்பும் டெட்டாலும் அவ்விடத்தில் வேண்டாம். ஆண் குழந்தையின் முன்தோலை வலிந்து பின்னுக்குத் தள்ளக் கூடாது.

இவ்வளவு செய்தும் தொற்று திரும்பினால், உடலமைப்பிலேயே காரணம் இருக்கலாம். தொற்று கண்ட குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் சிறுநீரகம் நோக்கித் திரும்பியேறும் குறை காணப்படுகிறது. அதைக் கஷாயமோ கஞ்சியோ மாற்றாது. வயிற்று ஸ்கேனும், தேவைப்பட்டால் வேறு படச் சோதனைகளும் எடுக்கச் சொல்வார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போகும்போது பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டுகளையும், எந்தத் தேதியில் எந்த மருந்து எத்தனை நாள் கொடுத்தோம் என்று எழுதிய தாளையும் ஒரே உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.